மெக்லாரனில் அலோன்சோ கழித்த நான்கு ஆண்டுகள்

ஃபார்முலா 1 பந்தயங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம், 2015 முதல் 2018 வரை மெக்லாரன் அணியில் பெர்னாண்டோ அலோன்சோ பட்ட பாட்டைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலானோர் ஹோண்டா எஞ்சினைக் கைகாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. எனினும், அந்த ஒற்றைப் பதிலை மெக்லாரன் அணியே நம்பத் தொடங்கியதுதான் அந்த ஆண்டுகளில் நேர்ந்த பெரிய சேதம் என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சின் மோசமாக இருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததால் காரின் மற்றக் குறைகளைத் தேடும் கட்டாயம் யாருக்கும் ஏற்படவில்லை. தேடியிருந்தாலும், அலோன்சோவின் திறமை அவற்றில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு பருவங்களில் அலோன்சோ எடுத்த புள்ளிகள் 11, 54, 17, 50, மொத்தம் 132. ஒரு முறைகூட முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. எட்டிய உச்சம் ஐந்தாம் இடம், அதுவும் நான்கே முறை. இதே மனிதர் 2012ஆம் ஆண்டில் மட்டும் ஃபெராரி காரில் 278 புள்ளிகள் எடுத்து, மூன்றே புள்ளிகளில் உலகப் பட்டத்தை செபாஸ்டியன் வெட்டலிடம் இழந்தவர். 2005, 2006 இரண்டு ஆண்டுகளும் ரெனோ அணியில் உலகச் சாம்பியன். முப்பத்து மூன்று வயதில், திறமை சற்றும் மங்காத நிலையில், அவர் மெக்லாரனுக்குத் திரும்பி வந்தார். திரும்பி என்று சொல்வதற்குக் காரணம், 2007இல் ஒரு பருவம் அங்கே ஓட்டி, அணித்தலைவர் ரான் டென்னிசுடனும் சக ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனுடனும் முட்டிக்கொண்டு வெளியேறியவர் அவர். அந்தக் கசப்பை இரு தரப்பும் விழுங்கிவிட்டு மீண்டும் கைகோக்க வைத்தது ஹோண்டா என்ற பெயர்தான்.

அந்தப் பெயருக்கு மெக்லாரனில் இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ள 1988க்குப் போக வேண்டும். அயர்ட்டன் சென்னாவும் அலைன் புரோஸ்ட்டும் ஓட்டிய மெக்லாரன்-ஹோண்டா கார்கள் அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15ஐ வென்றன. 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டுகளும் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் அவர்களுக்கே. 2013 மே மாதத்தில் ஹோண்டா மீண்டும் வருகிறது, 2015 முதல் மெக்லாரனுக்கு எஞ்சின் தரும் என்று அறிவிப்பு வந்தபோது, பழைய சிவப்பு-வெள்ளைக் கார்களின் படங்களைப் போட்டுக் கொண்டாடாத ரசிகர் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பிலேயே ஆபத்து ஒளிந்திருந்தது. முதல் பந்தயத்துக்கு இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக இல்லை. ஹோண்டாவோ 2008 இறுதியில் ஃபார்முலா 1ஐ விட்டே போயிருந்தது. அந்த அணியை ராஸ் பிரான் வாங்கி நடத்தி, அடுத்த ஆண்டே ஜென்சன் பட்டனைச் சாம்பியனாக்கிவிட்டார். இடைப்பட்ட காலத்தில் எஞ்சின் என்ற பொருளே வேறொன்றாக மாறியிருந்தது.

2014இல் வந்த புதிய விதிகளின்படி எஞ்சின் 1.6 லிட்டர் வி6 டர்போ. அதோடு இரண்டு மின் மோட்டார்கள் இணைந்திருக்கும். ஒன்று, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, பிறகு சக்கரங்களுக்குத் திருப்பித் தருவது. அதிலிருந்து கிடைக்கும் கூடுதல் விசை 120 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 160 குதிரைத்திறன். மற்றொன்று டர்போவின் தண்டோடு இணைக்கப்பட்டு, புகைபோக்கி வழியே வெளியேறும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பது. முதல் மோட்டார் ஒரு சுற்றில் எவ்வளவு சேமிக்கலாம் என்பதற்கு விதி வரம்பு கட்டியிருந்தது. இரண்டாவது மோட்டார் எடுத்து நேராக முதல் மோட்டாருக்கு அனுப்பும் மின்சாரத்துக்கு வரம்பே இல்லை. ஆகவே பந்தயத்தின் வெற்றி தோல்வி இந்த இரண்டாவது மோட்டாரில் அடங்கியிருந்தது. அது நன்றாக வேலை செய்தால் அந்த 160 குதிரைத்திறன் நேர்பாதை முடியும்வரை கூட வரும். செய்யாவிட்டால் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும், பின்னால் வருபவர் சிரமமே இல்லாமல் தாண்டிச் செல்வார்.

மெர்சிடிஸ் நிறுவனம் இந்த விதியின் உட்பொருளை முதலில் பிடித்துக்கொண்டது. டர்போவின் இரண்டு பகுதிகளான, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கம்ப்ரசரையும் வெளியேறும் புகையின் விசையில் சுழலும் டர்பைனையும் பிரித்து, எஞ்சினின் முன் முனையில் ஒன்றும் பின் முனையில் மற்றொன்றுமாக வைத்து, நடுவே நீண்ட தண்டால் இணைத்தார்கள். ஹோண்டாவும் பிரித்து வைக்கும் வழியைத்தான் எடுத்தது. ஆனால் மெக்லாரன் அணிக்கு வேண்டியது வேறு. ரெட் புல் அணியிலிருந்து வந்திருந்த பீட்டர் புரோட்ரோமு தலைமையிலான காற்றியக்கப் பிரிவு, காரின் பின்பகுதி முடிந்தவரை ஒடுங்கி இருக்க வேண்டும் என்று கேட்டது. ‘சைஸ் ஜீரோ’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அந்த ஒடுக்கத்துக்காகக் கம்ப்ரசர் எஞ்சினின் வி வடிவப் பள்ளத்துக்குள் திணிக்கப்பட்டது. பள்ளத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் கம்ப்ரசரின் அளவு. கம்ப்ரசர் சிறுத்தால் டர்போ திணறும். டர்போ திணறினால் அதன் தண்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டிய மோட்டாரும் திணறும். 2015ஆம் ஆண்டின் துயரம் முழுவதும் இந்த இட நெருக்கடியில் தொடங்கியது என்று சொல்லலாம். எஞ்சின் ஹோண்டாவுடையது, அதை ஒடுக்கச் சொன்னது மெக்லாரன். இந்த விவரம் பிற்பாடு எல்லோருக்கும் வசதியாக மறந்துபோனது.

தொடக்கமே தள்ளாட்டம். 2015 பிப்ரவரியில் ஹெரெஸ் பந்தயத்தளத்தில் நான்கு நாள் சோதனை ஓட்டம் நடந்தபோது மெர்சிடிஸ் 500 சுற்றுகளுக்கு மேல் ஓடியது. மெக்லாரன் 100 சுற்றுகளைக்கூட எட்டவில்லை. பார்சிலோனாவில் நடந்த அடுத்த சோதனையில் அலோன்சோ சுவரில் மோதி, மருத்துவர்களின் அறிவுரைப்படி முதல் பந்தயத்தைத் தவறவிட்டார். அவருக்குப் பதிலாக மெல்பர்னில் இறங்கிய கெவின் மாக்னுசனின் எஞ்சின், பந்தயம் தொடங்கும் இடத்துக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனது. மற்றொரு காரில் பட்டன் இரண்டு சுற்றுகள் பின்தங்கிப் பதினோராவதாக, கடைசி ஆளாக முடித்தார். அது முடிந்ததே பெரிய விஷயம் என்று அணி நிம்மதி அடைந்த காலம் அது.

கனடாவில் எரிபொருளைச் சேமிக்கச் சொல்லி, அணி ஓட்டுநரோடு பேசும் வானொலியில் உத்தரவு வந்தபோது, ஏற்கெனவே அமெச்சூர் ஓட்டுநரைப்போலத் தெரிகிறேன், சேமிக்க முடியாது என்று அலோன்சோ மறுத்துவிட்டார். பெல்ஜியத்தின் ஸ்பாவில் எஞ்சின் உறுப்புகளை அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் மாற்றியதற்காக இரண்டு மெக்லாரன் கார்களுக்கும் சேர்த்து 105 இடங்கள் அபராதம் விதிக்கப்பட்டது. களத்தில் இருந்த கார்களே இருபதுதான். பிரேசிலின் இன்டர்லாகோசில் தகுதிச்சுற்றின்போது கார் நின்றுவிட, ஓரத்தில் கிடந்த மடக்கு நாற்காலியில் சாய்ந்து வெயில் காய்ந்த அலோன்சோவின் படம் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ஹோண்டாவின் பொறியாளர்களாக மட்டுமே இருந்திருப்பார்கள்.

சுசூகாவில் நடந்ததுதான் எல்லாவற்றையும்விட ஆழமாகத் தைத்தது. சுசூகா ஹோண்டாவின் சொந்தத் தளம். 1962இல் தன் வாகனங்களைச் சோதிப்பதற்காக அந்த நிறுவனமே கட்டியது. அங்கே நேர்பாதையில் தன்னை எளிதாகத் தாண்டிச் செல்லும் கார்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்த அலோன்சோ, இது ஜிபி2 எஞ்சின் என்று வானொலியில் கத்தினார். ஜிபி2 என்பது அப்போது ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழே இருந்த பந்தயத் தொடர். அந்தச் சொல் நேரலையில் உலகம் முழுவதும் ஒலித்தது. ஒரு ஜப்பானிய நிறுவனத்தை, அதன் சொந்த வீட்டில், அதன் ஊழியர்களும் குடும்பங்களும் நிறைந்திருந்த அரங்கத்துக்கு முன்னால், அதைவிட அவமானப்படுத்த முடியாது. அலோன்சோ என் அபிமான ஓட்டுநர். ஆயினும் அந்த இடத்தில் அவரை முழுவதுமாக என்னால் விடுவிக்க முடியவில்லை. கோபம் நியாயமானது, அதை ஊரறியச் சொன்னதால் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை, ஜப்பானில் இரவு பகலாக உழைத்தவர்களுக்கும் இங்கிலாந்தில் காரைக் கட்டியவர்களுக்கும் இடையே இருந்த விரிசல்தான் கூடியது.

அந்த விரிசலுக்கு வேறு காரணங்களும் உண்டு. எஞ்சின் வடிவமைக்கப்பட்டது ஜப்பானின் சகுராவில்; கார் வடிவமைக்கப்பட்டது இங்கிலாந்தின் வோக்கிங்கில்; இடையில் மில்டன் கீன்சில் ஹோண்டாவின் ஐரோப்பியத் தளம். 2015இல் மெர்சிடிஸ் எஞ்சின் நான்கு அணிகளின் எட்டு கார்களில் ஓடியது. ஒவ்வொரு வார இறுதியிலும் எட்டு கார்களிலிருந்து தரவு வரும். எங்கே வெப்பம் கூடுகிறது, எந்தத் தாங்கி தேய்கிறது என்று எட்டு மடங்கு பாடம் கிடைக்கும். ஹோண்டாவுக்கு இரண்டே கார்கள், அவையும் பாதிப் பந்தயத்தில் நின்றுவிடும். அந்த ஆண்டின் இறுதியில் எஞ்சினுக்கு அலைந்துகொண்டிருந்த ரெட் புல் அணி ஹோண்டாவை நாடியபோது, ரான் டென்னிஸ் அதற்கு இசையவில்லை. எஞ்சின் தனக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வாடிக்கையாளராக வேறொருவர் எஞ்சினை வாங்கி ஓட்டினால் பட்டம் வெல்ல முடியாது என்று அவர் நம்பினார். மெர்சிடிசை விட்டு ஹோண்டாவிடம் போனதே அந்த நம்பிக்கையில்தான். தத்துவமாகப் பார்த்தால் தவறில்லை. ஆனால் வளரும் எஞ்சினுக்கு முதலில் தேவை ஓட்டம். அதைக் குறைத்துவிட்டு உரிமையை மட்டும் காப்பாற்றியது மெக்லாரனின் முடிவு. இதில் இன்னொரு தடையும் இருந்தது: ஒரு பருவத்தில் எஞ்சினில் எத்தனை மாற்றங்கள் செய்யலாம் என்பதற்கு அப்போது டோக்கன் முறை இருந்தது, பின்தங்கியவர் ஓடிப் பிடிக்கவும் அது விடவில்லை.

2016 சற்று மூச்சு விட்ட ஆண்டு. ஹோண்டாவின் ஃபார்முலா 1 பிரிவுத் தலைமையிலிருந்து யசுஹிசா அராய் விலகி யூசுகே ஹசெகாவா பொறுப்பேற்றார். அதே எஞ்சின் மேம்படுத்தப்பட்டது. மெக்லாரன் 76 புள்ளிகளோடு ஆறாம் இடம் பிடித்தது. மெல்பர்னில் அலோன்சோ எஸ்தபான் குட்டியரெசின் கார்மீது மோதிப் பறந்து உருண்டு, நொறுங்கிய காரிலிருந்து தானே வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த முன்னேற்றத்தைத் தொடர்ந்து மெருகேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஹோண்டா அப்படிச் செய்யவில்லை. 2017இல் டோக்கன் முறை எடுக்கப்பட்டதும், பழைய அமைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெர்சிடிசைப்போலக் கம்ப்ரசரை எஞ்சினின் முன்புறம் வைக்கும் புதிய எஞ்சினை உருவாக்கியது. நீண்ட கால நோக்கில் அது சரியான முடிவு. பிற்காலத்தில் பட்டம் வென்ற எஞ்சினின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முதல் நாளிலேயே எண்ணெய்த் தொட்டியில் சிக்கல். ஆய்வுக்கூடத்தின் சோதனை மேடையில் எஞ்சின் அசையாமல் நிற்கும். பந்தயத்தளத்தில் வளைவுகளின் விசையில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மேடையில் தெரியாத அதிர்வுகளும் கியர் பெட்டியோடு சேர்ந்து ஓடியபோது வெளிப்பட்டன. பஹ்ரைனில் அலோன்சோ, இவ்வளவு குறைந்த விசையோடு வாழ்நாளில் பந்தயம் ஓட்டியதே இல்லை என்று வானொலியில் சொன்னார். ரஷ்யாவில் அவர் கார் பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றைக்கூட முடிக்கவில்லை. அணியின் முதல் புள்ளி அந்த ஆண்டு ஜூன் மாதம் அசர்பைஜானின் பாகுவில்தான் வந்தது.

அணி தன் நட்சத்திரத்தை இழக்கப் போகிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2016 நவம்பரில் டென்னிஸ் வெளியேற்றப்பட்டு, அணியின் தலைமைக்கு ஜாக் பிரவுன் வந்திருந்தார். வேகமான காரைத் தர முடியாத அணி, ஓட்டுநரைச் சமாதானப்படுத்த வேறு எதையாவது தர வேண்டியிருந்தது. அப்படித் தரப்பட்டதுதான் இண்டியானாபொலிஸ் 500. மொனாக்கோ பந்தயத்தைத் தவிர்த்துவிட்டு அமெரிக்காவின் அந்தப் புகழ்பெற்ற பந்தயத்தில் ஓட்ட அலோன்சோவுக்கு மெக்லாரன் அனுமதி கொடுத்தது. ஃபார்முலா 1 பருவத்தின் நடுவே, அதுவும் மொனாக்கோவை விட்டுக்கொடுத்து ஒரு முன்னணி ஓட்டுநர் வெளியே போவது, அணியின் நிலைமையை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகச் சொன்னது. நீள்வட்டத் தளத்தில் அதற்கு முன் பந்தயமே ஓட்டியிராத அவர், ஆண்ட்ரெட்டி அணியின் காரில் தகுதிச்சுற்றில் ஐந்தாம் இடம் பிடித்தார். பந்தயத்தில் 27 சுற்றுகள் முன்னிலையில் ஓடினார். இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டிப் போய்க்கொண்டிருந்த அந்தப் பந்தயத்தை விழித்திருந்து பார்த்தவர்களுள் நானும் ஒருவன். 21 சுற்றுகள் மீதம் இருந்தபோது எஞ்சின் புகைந்தது. அதுவும் ஹோண்டா எஞ்சின்தான். வென்ற டகுமா சட்டோவின் காரில் இருந்ததும் ஹோண்டா எஞ்சின்தான் என்பதைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். 2015 முதல் 2017 வரை மெக்லாரனின் பந்தய இயக்குநர் எரிக் புல்லியே உள்ளிட்டோர், எங்கள் சேசிஸ், அதாவது எஞ்சின் நீங்கலான கார், களத்தில் உள்ள மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று தொடர்ந்து சொல்லிவந்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் ஜிபிஎஸ் தரவு. எல்லா கார்களின் வேகமும் எல்லா அணிகளுக்கும் தெரியும். வளைவுகளில் மெக்லாரன் முன்னணிக் கார்களுக்கு இணையாகப் போகிறது, நேர்பாதையில்தான் தோற்கிறது, ஆகவே குறை எஞ்சினில் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வளைவில் வேகமாகப் போக வேண்டுமானால் இறக்கையைப் பெரிதாக வைத்துக் காரைத் தரையோடு அழுத்தலாம். அதற்கான விலையை நேர்பாதையில் காற்றுத் தடையாகக் கொடுக்க வேண்டும். அழுத்தத்தைத் திறமையாக உண்டாக்கும் காருக்கும், காற்றுத் தடையை விலையாகக் கொடுத்து உண்டாக்கும் காருக்கும் வளைவில் வேறுபாடு தெரியாது. நேர்பாதையில் தெரியும். எஞ்சின் பலவீனமானது என்று முன்பே முடிவு செய்துவிட்டால், நேர்பாதையில் தொலையும் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்தையும் எஞ்சின் கணக்கிலேயே எழுதிவிடலாம். அதே எஞ்சினோடு ஓடும் இன்னொரு அணி இருந்திருந்தால் இந்தக் கணக்கு அன்றே சரிபார்க்கப்பட்டிருக்கும். அப்படி ஓர் அணி இருக்கக் கூடாது என்று தடுத்தது மெக்லாரனேதான்.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்பார்கள். இங்கே கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததுதான் சிக்கல். அதனால் ஆட்டத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் கார் மோசமானதல்ல. எஞ்சின் விசை அதிகம் தேவைப்படாத ஹங்கேரியில் அலோன்சோ ஆறாம் இடம் பிடித்தார், பந்தயத்தின் வேகமான சுற்றும் அவருடையது. மொனாக்கோவில் அவருக்குப் பதிலாக வந்த பட்டனும் அந்த ஆண்டின் மற்றொரு ஓட்டுநரான ஸ்டாஃபெல் வான்டோர்னும் தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டம்வரை போனார்கள். இவைபோன்ற நாள்களே அணியின் நம்பிக்கைக்கு உரமாகின.

2017 செப்டம்பரில் சிங்கப்பூரில் அறிவிப்பு வந்தது: மெக்லாரன் ஹோண்டாவை விட்டு ரெனோ எஞ்சினுக்கு மாறும், ஹோண்டா, ரெட் புல்லின் துணை அணியான டோரோ ரோசோவுக்குப் போகும். எஞ்சினை இலவசமாகக் கொடுத்ததோடு பெரும் பணமும் கொடுத்துவந்த கூட்டாளியை விட்டுவிட்டு, விலை கொடுத்து எஞ்சின் வாங்கும் நிலைக்கு மெக்லாரன் தானே இறங்கியது. எதிலிருந்து தப்பிக்க 2013இல் மெக்லாரன் ஹோண்டாவோடு சேர்ந்ததோ, அதே இடம். அடுத்த மாதமே அலோன்சோ ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். அவரைத் தக்கவைப்பதற்காக மட்டும் இந்த மாற்றம் நடந்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால் ஹோண்டாவோடு தொடர்ந்திருந்தால் அவர் போயிருப்பார் என்பதில் ஐயமில்லை.

2018 மெல்பர்னில் ஐந்தாம் இடம். இனி நாம் போராடலாம் என்று அலோன்சோ வானொலியில் உற்சாகமாகச் சொன்னார். முதல் ஐந்து பந்தயங்களிலும் புள்ளி எடுத்தார், மொத்தம் 32. அதில் பாகுவில் நடந்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் சுற்றிலேயே மோதலில் வலப்பக்கத்து டயர்கள் இரண்டும் கிழிந்து, வெறும் விளிம்பில் தேய்த்துக்கொண்டே காரைப் பிட் வரை கொண்டுவந்தார். தரைப்பகுதி சிதைந்த அந்தக் காரோடு ஏழாவதாக முடித்தார். வேறு எந்த ஓட்டுநராக இருந்தாலும் அந்தக் காரை அங்கேயே ஓரங்கட்டியிருப்பார். ரசிகனாக எழுந்து நின்று கைதட்ட வேண்டிய ஓட்டம். ஆனால் அணியின் வடிவமைப்பாளர் இருக்கையிலிருந்து பார்த்தால், அந்த ஆறு புள்ளிகள் காருடையவை அல்ல. புள்ளிப்பட்டியலில் அவை காருடையவைபோல ஏறிவிட்டன. தகுதிச்சுற்றில் அலோன்சோ தன் சக ஓட்டுநர் வான்டோர்னை அந்தப் பருவத்தின் 21 பந்தயங்களிலும் முந்தினார். உயர்ந்த ஓட்டுநர் ஒருவர் காரின் தகுதிக்கு மேல் முடிவுகளை எடுத்துத் தரும்போது, காரின் உண்மையான இடம் எது என்பது சக ஓட்டுநரின் முடிவில்தான் தெரியும். அதைப் பார்த்த பலரும் கார் மோசம் என்று சொல்லாமல் வான்டோர்ன் மோசம் என்றார்கள்.

ஒப்பிடுவதற்கு ஆள் கிடைத்த ஆண்டு அது. அதே ரெனோ எஞ்சினோடு ரெட் புல் அந்தப் பருவத்தில் நான்கு பந்தயங்களை வென்றது. மெக்லாரன் நேர்பாதையில் அப்போதும் மெதுவாகவே ஓடியது. ஜூனில் பிரெஞ்சுப் பந்தயத்தின் தகுதிச்சுற்றில் இரண்டு மெக்லாரன்களும் முதல் கட்டத்திலேயே வெளியேறின. காற்றுச் சுரங்கச் சோதனையில் தென்படாத ஒரு குறை பந்தயத்தளத்தில் காரைப் பாதிக்கிறது என்று அணி ஒப்புக்கொண்டது. அந்தச் சுரங்கம் வோக்கிங்கில் இல்லை. ஜெர்மனியின் கொலோனில் டொயோட்டாவுக்குச் சொந்தமானதை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்திவந்தார்கள். தொழில்நுட்பத் தலைவர் டிம் காஸ் ஏப்ரலிலேயே போயிருந்தார். ஜூலையில் புல்லியே பதவி விலகினார். முதல் ஐந்து பந்தயங்களில் 32 புள்ளிகள் எடுத்த அலோன்சோ, மீதிப் பதினாறில் எடுத்தது 18. ஆகஸ்டில் தன் விலகலை அறிவித்தார்.

பிரிந்த பிறகு மூவருக்கும் நடந்ததைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. டோரோ ரோசோவில் ஹோண்டாவுக்குக் கத்துவதற்கு யாரும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. இரண்டாவது பந்தயத்திலேயே பஹ்ரைனில் பியேர் காஸ்லி நான்காம் இடம் பிடித்தார். ஹோண்டாவின் விமான எஞ்சின் பிரிவினர் வந்து, டர்போத் தண்டில் இருந்த தீராத கோளாறைச் சரிசெய்ய உதவினார்கள். டர்பைன் தண்டு எந்த வேகத்தில் எப்படி அதிரும் என்பது விமான எஞ்சின் செய்பவர்களுக்குத் தெரிந்த கலை. அவர்கள் அதே நிறுவனத்தில்தான் அத்தனை ஆண்டுகளும் இருந்தார்கள் என்பது ஹோண்டாவின் தரப்பில் மன்னிக்க முடியாத குறை என்று நான் நினைக்கிறேன். 2019 ஜூனில் ஆஸ்திரியாவில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், ஹோண்டா எஞ்சினுக்கு மாறியிருந்த ரெட் புல் காரில் வென்றார். 2006க்குப் பிறகு ஹோண்டாவுக்கு முதல் வெற்றி. 2021இல் ஹோண்டா எஞ்சினோடு அவர் உலகச் சாம்பியன்.

மெக்லாரன் தன் குறையைத் தன்னிடமே தேட ஆரம்பித்தது அலோன்சோ போன பிறகுதான். 2019இல் ஆண்ட்ரியாஸ் சைடல் அணித்தலைவராக வந்தார். வோக்கிங்கில் சொந்தக் காற்றுச் சுரங்கம் கட்ட முடிவெடுத்தார்கள், அது 2023இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதே ரெனோ எஞ்சினோடு, கார்லோஸ் சைன்ஸ், லாண்டோ நாரிஸ் என்ற இரண்டு இளைஞர்களை வைத்து 2019இல் நான்காம் இடம். 2024இல் அணிப் பட்டம், 1998க்குப் பிறகு முதல் முறை. இடையில் 2019 மே மாதத்தில் அலோன்சோவை வைத்து இண்டியானாபொலிசில் தனியாக ஓர் அணி நடத்திப் பார்த்தார்கள். முதல் சோதனைக்குக் கார் போனபோது ஸ்டியரிங் வீல் தயாராக இருக்கவில்லை என்று பிரவுனே பின்னர் சொன்னார். இரண்டு முறை உலகச் சாம்பியனான ஓட்டுநர், பந்தயத்தில் நிற்கும் 33 பேருக்குள் வர முடியாமல் வெளியேறினார். அந்தக் காரில் இருந்தது செவ்ரலே எஞ்சின்.

அலோன்சோ இரண்டு ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு 2021இல் திரும்பி வந்தார். 2023இல் ஆஸ்டன் மார்ட்டின் அணியில் எட்டு முறை மேடை ஏறி, நாற்பது வயதைத் தாண்டியும் திறமை எங்கும் போகவில்லை என்று காட்டினார். அந்த ஆண்டு மே மாதத்தில்தான், 2026 முதல் ஆஸ்டன் மார்ட்டினுக்கு ஹோண்டா எஞ்சின் தரும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அலோன்சோ தன் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார். புதிய விதிகளில் டர்போத் தண்டோடு இணைந்த அந்தப் பழைய மோட்டார் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஹோண்டாவை அன்று படுத்திய கோளாறு அதே வடிவத்தில் வர வழியில்லை. ஒன்று மட்டும் மாறவில்லை: ரெட் புல் ஃபோர்டுடன் சேர்ந்து சொந்த எஞ்சினுக்குப் போய்விட்டதால், ஹோண்டா இம்முறையும் ஒரே அணிக்கு, இரண்டே கார்களுக்கு எஞ்சின் கொடுக்கிறது. கார் மெதுவாக ஓடினால் குறை எஞ்சினிலா சேசிஸிலா என்று ஒப்பிட்டுச் சொல்ல மூன்றாவது கார் எதுவும் இருக்கப்போவதில்லை.